உதட்டளவில்

டொலீடோ நகரசபைக் கட்டடம், நான்காம் மாடி.
காப்பி இயந்திரம் இரைச்சல் போடுகிறதாம்,
மன்னிக்கச் சொல்லி ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
மன்னித்தேன்.
நான்கு வயதில் வந்த மூளைக்காய்ச்சல்
என் இரண்டு செவிகளை எடுத்துக்கொண்டு
மற்றதை விட்டுப் போயிருந்தது.

அதனால்தான் அழைத்திருக்கிறார்கள்.
நடீன் ஹடாட், உதடு வாசிப்பவர்.
ஒரு வாய்க்கு நூற்றெண்பது டாலர்.
உதட்டளவில் என்று மற்றவர்கள் இளக்காரமாகச் சொல்வது
எனக்குப் பிழைப்பு.

காவலரின் நெஞ்சுக் கேமராவுக்கு ஒரு பழக்கம்:
பொத்தானை இருமுறை அழுத்தினால்
அந்தக் கணத்திலிருந்து காட்சியும் ஒலியும் பதிவாகும்.
அதற்கு முந்தைய முப்பது நொடி தானாகவே சேமிப்பாகும்,
காட்சி மட்டும்.
அந்த முப்பது நொடியில்
எல்லோரும் என் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள்.

நெப்ராஸ்கா அவென்யூ. மழை விட்ட இரவு.
பின்விளக்கு எரியாத ப்யூக்.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆர்லிஸ் பெட்டிவே,
கூரை வேய்பவர், நாற்பத்தொன்று.
தார் படிந்த பத்து விரலும்
ஸ்டியரிங்கின் மேல் தெரிகின்றன.
எட்டாம் நொடியில் பேசுகிறார்.

அதிகாரி ரூப்பின் அறிக்கையில்
அந்தப் பேச்சு இரண்டு சொல்:
‘பெரி யூ.’
உன்னைப் புதைப்பேன் என்று மிரட்டினார்,
பிறகு தப்பி ஓடினார்.

காரின் பின்னிருக்கையில் ஏழு வயது மேரி.
அவளிடம் யாரும் எதுவும் வாங்கி எழுதவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

பெரியா, மேரியா?
நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
உதடு ஒட்டுகிறது, பிரிகிறது.
ப-வுக்கும் அப்படித்தான், ம-வுக்கும் அப்படித்தான்.
வித்தியாசம் மூக்குக்குள் இருக்கிறது,
அங்கே கேமரா போகாது.
மிரட்டலும் மகளும்
வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வடிவம்.

“சத்தியம் செய்ய முடியுமா?”
காவலர் சங்க வழக்கறிஞர் கில்ராய்.
அடர்ந்த மீசை, என் தொழிலுக்கு எதிரி.
முடியாது என்றேன்.
அவர் மீசைக்குக் கீழே ஏதோ மலர்ந்தது.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
கைப்பையை மடியிலிருந்து தரைக்கு இறக்கினாள்.
பெட்டிவேயின் தங்கை என்று பிறகு சொன்னார்கள்.

அவளுக்காகச் சொன்னேன் என்றால் பொய்.
எழுதிக் கொண்டுவந்திருந்தேன்,
இரண்டாம் பக்கத்தில்.

நெஞ்சில் மாட்டிய கேமரா
மாட்டியவனை மட்டும் பார்ப்பதில்லை.
ஆனால் பத்தொன்பதாம் நொடியில்
ப்யூக்கின் ஈரமான பின்ஜன்னலில்
தெருவிளக்கு ஒருவரை வரைகிறது:
தொப்பி, தாடை, வாய்.
கண்ணாடியில் இடம் வலம் மாறும்,
சொல் மாறாது.
ரூப்பின் உதடு குவிகிறது. விரிகிறது. மறுபடி குவிகிறது.
‘ஓடு. ஓடித்தான் பாரேன்.’

இருபத்தாறில் கதவு திறக்கிறது.
முப்பதில் ஒலி வருகிறது.
அது என்ன ஒலி என்பதை
நான் அறையிலிருந்த முகங்களில் வாசித்தேன்.

கில்ராய் எழுந்தார்.
கேட்காததைச் சொல்ல வேண்டாம் என்றார்.
ஐயா, கேட்காததைச் சொல்லத்தானே
என்னை அழைத்தீர்கள்?

அவர் தலைவர் பக்கம் திரும்பி நின்று
எனக்கு முதுகைக் காட்டிப் பேசினார், நெடுநேரம்.
முதுகை வாசிக்க நான் படிக்கவில்லை.
சுருக்கெழுத்துப் பெண்ணின் விரல்களைப் பார்த்தேன்.
தட்டச்சுக்கு மேலே
காற்றில் நின்றுகொண்டிருந்தன.

வெளியே என் காரில் அபராதச் சீட்டு,
பதினொரு நிமிடம் தாமதம்.
அதில் நேரம், இடம், எண், கையெழுத்து
எல்லாம் சரியாக இருந்தன.

அன்றிரவே கட்டண ரசீது எழுதினேன்:
வாசித்த வாய்கள், இரண்டு.

ஆறு வாரம் கழித்து காசோலை வந்தது.
நூற்றெண்பது டாலர்.
திருப்பி அனுப்பினேன்,
இரண்டாம் பக்கத்தின் நகலோடு.
மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினேன்.
இப்போது தபால்காரருக்கு
என் உறையைத் தெரியும்.